நண்பர்களின் எழுத்தைச் சுமந்த செல்லப்பா

பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டுக்காரர்கள். ராமையா அங்கேயே 1905இல் பிறந்தவர். செல்லப்பா 1912இல் பிறந்தவர். தகப்பனார் வழி ஊர் சின்னமனூர், வளர்ந்தது தாய்மாமன் ஊரான வத்தலக்குண்டில். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யரும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த மண் அது. அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது, இப்போது திண்டுக்கல் மாவட்டம். ஒரே ஊர், ஒரே காந்தி பக்தி, ஒரே கதர் வேட்டி. இருவருமே சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள். ராமையா உப்பு சத்தியாக்கிரகத்தில், செல்லப்பா 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில். இருவரும் சென்னைக்கு வந்து எழுத்தையே பிழைப்பாக நம்பினார்கள். 1983 மே மாதம் ராமையா காலமானார். அதன் பிறகு சுமார் பதினைந்து ஆண்டுகள் செல்லப்பா உயிரோடு இருந்தார். தள்ளாத வயதில் அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று, மறைந்த நண்பரின் கதைகள் அத்தனையையும் திரும்ப வாசித்து அவற்றைப் பற்றி ஒரு முழு நூல் எழுதுவது. ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்பது அதன் பெயர்.

தமிழில் நண்பரை நினைத்து எழுதிய நூல்கள் பல உண்டு. வ.ரா. எழுதிய பாரதி வரலாறு, தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் கொண்டுவந்த ‘புதுமைப்பித்தன் வரலாறு’, கரிச்சான் குஞ்சு தம் குருவாகக் கருதிய கு.ப.ரா.வைப் பற்றி எழுதியது என்று ஒரு நல்ல வரிசை இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மனிதரைச் சொல்பவை: அவர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார், எந்தக் கடையில் வெற்றிலை வாங்கினார், எப்படிக் கஷ்டப்பட்டார். செல்லப்பாவின் நூல் எழுத்தைச் சொல்வது. ராமையா எழுதிய கதைகள் ஏறத்தாழ முந்நூறு. அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எப்படித் தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். இறந்த நண்பருக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. இரங்கல் கூட்டத்தில் பேசுவதற்கு அரை மணி நேரம் போதும். முந்நூறு கதைகளைத் திரும்பப் படிக்க மாதக்கணக்காகும்.

ராமையாவிடம் செல்லப்பாவுக்கு இருந்த இந்த நன்றிக்கடன் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1930களுக்குப் போக வேண்டும். ‘மணிக்கொடி’ 1933 செப்டம்பரில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியது. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் அதைத் தொடங்கியவர்கள். அரசியலும் சமூக விமர்சனமும் அதில் முதன்மை. சிறிது காலத்தில் பத்திரிகை தள்ளாடி நின்றது. 1935இல் அதை மீட்டுச் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக மாற்றியவர் ராமையா. கதைக்கு மட்டும் ஒரு பத்திரிகை நடத்தலாம், அதுவும் பொழுதுபோக்குக் கதைகள் இல்லாமல் நடத்தலாம் என்பது அன்றைக்குத் துணிச்சலான எண்ணம். கையில் பணமும் கிடையாது.

அந்தப் பத்திரிகையில் எழுதியவர்களின் பெயர்களைச் சொன்னால் நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறையே வந்துவிடும்: புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, சிட்டி, ந. சிதம்பர சுப்ரமண்யன், க.நா. சுப்ரமண்யம். இவர்களில் மௌனியை எழுத வைத்ததில் ராமையாவின் பங்கு தனியாகச் சொல்லத்தக்கது. மௌனி என்ற புனைபெயரை அவருக்கு வைத்ததே ராமையாதான். வாழ்நாள் முழுவதும் இருபத்துநான்கு கதைகள் மட்டும் எழுதிய ஒருவர், அவற்றை வாங்கிப் போடக் காத்திருந்த ஓர் ஆசிரியர் இல்லாவிட்டால் அவ்வளவுகூட எழுதியிருப்பாரா என்பது சந்தேகமே. செல்லப்பாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ‘ஸரஸாவின் பொம்மை’யும் மணிக்கொடியில் வந்ததுதான். அப்போது அவருக்கு இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தன் கதையை மதித்து அச்சேற்றியவரை எந்த எழுத்தாளனும் மறப்பதில்லை. செல்லப்பா கடைசி வரை மறக்கவில்லை.

மணிக்கொடிக்காரர்களிடம் ஒருவர் எழுத்துக்காக இன்னொருவர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கும் வழக்கம் இருந்தது. பாரதி மகாகவிதானா என்று 1930களின் நடுவில் ஒரு பெரிய விவாதம் கிளம்பியபோது, புதுச்சேரியில் பாரதியோடு பழகிய வ.ரா. ஒரு பக்கம் விடாமல் வாதாடினார். கு.ப.ரா.வும் சிட்டியும் சேர்ந்து ‘கண்ணன் என் கவி’ என்ற நூலையே எழுதினார்கள். வெறும் புகழ்ச்சியாக இல்லாமல், பாரதியின் கவிதைகளை எடுத்துப் பேசி நிறுவ முயன்ற நூல் அது. அபிமானத்தை ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தைத்தான் செல்லப்பா பின்னால் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்.

1938க்குள் ராமையா மணிக்கொடியை விட்டுவிட நேர்ந்தது. பத்திரிகை வேறு கைகளுக்குப் போய், சிறிது காலத்தில் நின்றும் போனது. கூட்டம் கலைந்தது. கு.ப.ரா. கண்பார்வை மங்கி, சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு மீண்டு, இடையில் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதிக்கொடுத்து, கடைசியாகத் துறையூரில் ‘கிராம ஊழியன்’ ஆசிரியராக இருந்து, 1944 ஏப்ரலில் கும்பகோணத்தில் இறந்தார். வயது நாற்பத்திரண்டு. புதுமைப்பித்தனும் அதே வயதில் 1948இல் போய்ச் சேர்ந்தார். கு.ப.ரா.வும் பிச்சமூர்த்தியும் கும்பகோணத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள், இரட்டையர் என்றே சொல்லப்பட்டவர்கள். கு.ப.ரா. போன சில ஆண்டுகளில் பிச்சமூர்த்தி கவிதை எழுதுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். அறநிலையத் துறையில் கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை, எப்போதாவது ஒரு கதை. தமிழில் யாப்பை விட்ட கவிதையை 1934இலேயே எழுதிக் காட்டியவர் அதைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் இருந்தார். போடுவதற்கு இடமும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

ராமையாவும் மாறிப்போனார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். சினிமாவுக்குக் கதை வசனம் எழுதினார், மேடைக்கு நாடகங்கள் எழுதினார், ஆனந்த விகடன் போன்ற இதழ்களுக்கு ஓயாமல் கதை எழுதினார். தேரோட்டி மகன், பிரசிடெண்ட் பஞ்சாட்சரம், போலீஸ்காரன் மகள் என்று நாடகங்கள் பெயர் பெற்றன. சில திரைப்படமாகவும் வந்தன. விளைவு என்ன? சிறுபத்திரிகை வட்டத்தில் அவர் பெயர் இறங்கிவிட்டது. மணிக்கொடி ஆசிரியர் என்ற வரலாற்று மரியாதை இருந்தது. சிறுகதைக்காரர் என்ற மரியாதை போனது. ஜனரஞ்சகப் பத்திரிகையில் எழுதினால் கலை போய்விடும் என்று நம்பிய ஒரு தலைமுறை, படித்துப் பார்க்காமலேயே அவரை ஒதுக்கியது. அது அநியாயம்.

செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். தினமணி வேலையை விட்டு வந்திருந்தார். மனைவி மங்களத்தின் நகைகள் இதற்காகப் போயின. முகவரி, திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் ஒரு வாடகை வீடு. படமும் அலங்காரமும் கிடையாது. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்ற கவலையே அவருக்கு ஏற்படவில்லை. சந்தா கட்டியவர்கள் எப்போதும் சில நூறு பேர்தான். ஆனாலும் மாதப் பத்திரிகையாகவும், பிற்பாடு காலாண்டிதழாகவும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன.

முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையைச் செல்லப்பா மறுபிரசுரம் செய்தார். பழைய கவிதை. வெளிவந்தபோது படித்தவர்களில் பலரும் மறந்துவிட்ட கவிதை. கவிதை எழுதுவதை விட்டுவிட்ட நண்பரிடம் போய் ‘எழுதுங்கள்’ என்று கெஞ்சாமல், அவர் எழுதியதையே புது அச்சில் புது வாசகர்கள் முன் வைத்துவிட்டார். அதற்கு இரண்டு பலன்கள் கிடைத்தன. பிச்சமூர்த்தி மறுபடியும் எழுதத் தொடங்கினார். காட்டு வாத்து, வழித்துணை போன்ற நெடுங்கவிதைகள் இந்த இரண்டாம் காலத்தில் வந்தவை. இன்னொன்று, அதைப் படித்த இளைஞர்கள் தாங்களும் இப்படி எழுதலாம் என்று கண்டுகொண்டார்கள். அதே ஆண்டு மார்ச் இதழில் சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் ‘உன் கை நகம்’ எழுதினார். தி.சோ. வேணுகோபாலன், சி. மணி, எஸ். வைதீஸ்வரன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். 1960 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து ‘நான்’ என்ற கவிதை வந்தது. அனுப்பியவர் இருபது வயதுத் தருமு சிவராமு, பிற்காலத்தில் பிரமிள். ஆளை நேரில் பார்த்திராத செல்லப்பா அந்தக் கவிதையை உடனே போட்டார்.

ஒரு மறுபிரசுரம் இவ்வளவு செய்திருக்கிறது. நண்பரின் எழுத்தைப் பற்றிப் பேச விரும்புபவர்கள் பலரும் தம் நினைவுகளை எழுதுகிறார்கள். அந்த எழுத்தையே எடுத்து வாசகர் கையில் கொடுப்பவர்கள் குறைவு. செல்லப்பா கொடுத்தார், பிறகு அதைப் பற்றிப் பேசினார். இந்த வரிசைமுறை முக்கியம்.

பேசிய விதமும் தனி. க.நா.சு.வும் செல்லப்பாவும் மணிக்கொடிக் காலத்து நண்பர்கள். ‘எழுத்து’ பத்திரிகையின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்துதான் நின்றார்கள். மயன் என்ற பெயரில் க.நா.சு.வின் கவிதையும் அதன் முதல் இதழில் உண்டு. பின்னால் விமர்சன முறையில் பிரிந்தார்கள். க.நா.சு. தேர்ந்த வாசகர், தன் ரசனையை நம்பிப் பெயர்களைச் சொல்வார், பட்டியல் போடுவார், காரணத்தை நீட்டி விளக்க மாட்டார். படிப்பவனே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் கட்சி. செல்லப்பா அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்களை நூலகங்களில் உட்கார்ந்து படித்தவர். ஒரு படைப்பு நன்றாயிருக்கிறது என்றால் எதனால் நன்றாயிருக்கிறது என்பதை வரிக்கு வரி அலசிக் காட்ட வேண்டும் என்பார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது. க.நா.சு. 1963இல் ‘இலக்கிய வட்டம்’ என்று தனிப் பத்திரிகை தொடங்கினார். இரண்டு வழிகளாலும் தமிழுக்கு லாபம்தான். ஆனால் நண்பர்களின் எழுத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் செல்லப்பாவின் வழியே நியாயமானது. தெரிந்தவர் தெரிந்தவரைப் புகழ்கிறார் என்ற சந்தேகம் வாசகனுக்கு வரத்தான் செய்யும். காரணத்தை விரித்துச் சொல்லும்போது அவன் அதைக் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பவில்லை என்றால் தள்ளிவிடலாம்.

பத்திரிகையோடு நிற்காமல் ‘எழுத்து பிரசுரம்’ என்று புத்தகங்களும் போட்டார். 1962இல் ‘புதுக்குரல்கள்’ வந்தது. எழுத்துவில் எழுதிய 24 கவிஞர்களின் 63 கவிதைகள் அடங்கிய தொகுப்பு. தமிழ்ப் புதுக்கவிதைக்கு அதுவே முதல் தொகைநூல். பல ஆண்டுகள் கழித்து மதுரைப் பல்கலைக்கழகம் அதைப் பாடமாக வைத்தபோது, அதுவரை வசனத்தை உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேலி பேசிய பண்டிதர்கள் பாடம் நடத்த வேண்டிய நிலை வந்தது. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, வேணுகோபாலனின் ‘கோடை வயல்’, வைதீஸ்வரனின் ‘உதய நிழல்’ எல்லாம் எழுத்து பிரசுரம் கொண்டுவந்தவை. இவற்றில் எதுவும் விற்றுப் பணம் வரும் புத்தகம் இல்லை என்பது போடும்போதே அவருக்குத் தெரியும்.

புத்தகம் போட்டபின் விற்க வேண்டும். கடைக்காரர்கள் கவிதைப் புத்தகத்தை வாங்கிவைக்கத் தயாராக இல்லை. செல்லப்பா மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக. தமிழ்த்துறை ஆசிரியர் அறைக்குள் கதர் ஜிப்பாவோடு ஒரு ஒல்லியான மனிதர் நுழைவார், மூட்டையை இறக்கி அவிழ்ப்பார், ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மேசைமேல் வைப்பார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கவிஞன் எப்படிப்பட்டவன் என்று பேசத் தொடங்கிவிடுவார். அவர் விற்க வந்தாரா, வகுப்பு எடுக்க வந்தாரா என்று கேட்டால் இரண்டும்தான். அந்த மூட்டையில் அவருடைய புத்தகங்களும் இருந்தன: 1959இல் நூலான ‘வாடிவாசல்’, எழுத்துவில் தொடராக வந்து நூலான ‘ஜீவனாம்சம்’. வாடிவாசலை எழுதியவர் அதை ஒன்றை மட்டும் பேசி விற்றிருந்தால்கூடப் பெயர் நிலைத்திருக்கும். ஜல்லிக்கட்டைப் பற்றித் தமிழில் அதற்கு ஈடான படைப்பு இல்லை. ஆனால் மற்றவர்களின் புத்தகங்களே அந்த மூட்டையில் அதிகம்.

இந்த வாழ்க்கையின் விலையைக் குடும்பம் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நகை போனது, நிரந்தர வருமானம் போனது. மங்களம் அம்மாளின் பொறுமை இல்லாமல் 119 இதழ்கள் வந்திருக்காது. இலக்கிய வரலாறுகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை, அது போதாது.

கவிதையோடு நிற்காமல் செல்லப்பா சிறுகதையையும் அலசினார். 1974இல் ‘தமிழில் சிறுகதை பிறக்கிறது’ வந்தது. மணிக்கொடிக் காலச் சிறுகதைக்காரர்களின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த வடிவம் தமிழில் எப்படி உருவாகி நிலைபெற்றது என்று காட்டும் நூல் அது. தன் தலைமுறையின் கதையை அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவரே எழுதியது என்பதால் அதற்குத் தனி மதிப்பு. கு.ப.ரா.வும் புதுமைப்பித்தனும் போய் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகிவிட்ட நேரம். 1976 டிசம்பரில் பிச்சமூர்த்தியும் மறைந்தார்.

அதே காலகட்டத்தில் ராமையாவும் தன் பங்குக் கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தார். நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’ இதழில் அவர் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ தொடர், பிறகு நூலாக வந்தது. யார் எப்போது வந்து சேர்ந்தார், எந்தக் கதை எப்படிக் கிடைத்தது, பத்திரிகை எப்படி நடந்தது, எப்படி நின்றது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மறைந்த நண்பர்களைப் பற்றி ஒருவர் எழுதிய நினைவுநூல் என்றும் அதைச் சொல்லலாம், ஒரு பத்திரிகையின் வரலாறு என்றும் சொல்லலாம். 1982ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. முந்நூறு கதைகள் எழுதியவருக்கு, நண்பர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காகத் தேசியப் பரிசு வந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார்.

அப்படி ராமையா போனபோது மற்றவர்களின் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் கதைகளைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. செல்லப்பா அந்த இடத்தில் வந்து நின்றார். புதுமைப்பித்தனைப் பற்றியும் மௌனியைப் பற்றியும் எழுத அப்போது புதிய விமர்சகர்கள் நிறைய இருந்தார்கள். அந்த இரு எழுத்தாளர்களோடு சேர்த்து வைக்க வேண்டிய பெயர் ராமையா என்று செல்லப்பா நம்பினார். நம்பியதை முந்நூறு கதைகளையும் வைத்து வாதாடினார்.

ராமையாவின் கதைக்கு ஓர் உதாரணம் ‘நட்சத்திரக் குழந்தைகள்’. ரோகிணி என்ற சின்னப் பெண் வானத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துத் தகப்பனாரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். நாம் ஒவ்வொரு முறை உண்மை பேசும்போதும் ஒரு நட்சத்திரம் பிறக்கிறது என்று அவர் சொல்லிவைக்கிறார். குழந்தையின் வாயை அடைக்கச் சொன்ன பதில் என்றே படிப்பவனுக்குத் தோன்றும். பிறகு ஒரு நட்சத்திரம் எரிந்து விழுவதை அவள் பார்க்கிறாள். விழுந்ததற்குக் காரணம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது: யாரோ பொய் சொல்லிவிட்டார்கள். அவள் தேம்பி அழுகிறாள். கதை அவ்வளவுதான். நாலைந்து பக்கம். சம்பவம் என்று எதுவும் இல்லை, உபதேசமும் இல்லை. பெரியவர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தையைக் குழந்தை முழுதாக நம்பியதும், அந்த நம்பிக்கை அவளையே அழவைத்ததும் மட்டுமே கதை. இதை எழுதியவரைச் சம்பவக் கதைக்காரர் என்று ஒதுக்கியவர்கள் இதைப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

செல்லப்பாவின் நூலுக்கும் குறை உண்டு. அவருடைய விமர்சன நடை எளிதில் படிக்கும்படி இருக்காது. வாக்கியங்கள் நீளும், ஒன்றுக்குள் ஒன்று சிக்கும். சொன்னதையே மறுபடி வேறு கோணத்தில் சொல்வார். அலசலை அலசலாகவே வைத்துவிட்டுப் போவார், சுருக்கித் தர மாட்டார். ராமையாவின் எல்லாக் கதைகளும் அவர் சொல்கிற உயரத்தில் இல்லை. பத்திரிகைக்கு வாராவாரம் எழுதிக் கொடுத்ததன் அவசரம் பலவற்றில் தெரிகிறது. முந்நூறில் முப்பது முதல்தரமானவை என்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முப்பது எவை என்று தேடுவதற்கே இந்த நூல்தான் வழிகாட்டி. வேறு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை. அபிமானம் அவரைச் சில இடங்களில் மிகையாகச் சொல்ல வைத்திருக்கிறது. அதே அபிமானம்தான் அந்த வயதில் அவரை முந்நூறு கதைகளைப் படிக்கவும் வைத்தது.

அந்தக் கடைசி ஆண்டுகளில் செல்லப்பாவின் நிலை வசதியானது அல்ல. வத்தலக்குண்டு, பெங்களூர் என்று இருந்துவிட்டு மறுபடி திருவல்லிக்கேணிக்கே வந்து சேர்ந்திருந்தார். பரிசு, பட்டம் என்றால் மறுத்துவிடும் சுபாவம். அமெரிக்கத் தமிழர்களின் ‘விளக்கு’ அமைப்பு தன் முதல் புதுமைப்பித்தன் விருதை அவருக்கு அறிவித்தபோதும், பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ள அவர் இசையவில்லை. அந்தத் தொகையில் தன் நூலை அச்சிட ஒப்புக்கொண்டார். ‘என் சிறுகதைப் பாணி’ அப்படி வந்தது. எண்பத்தைந்து வயதில் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். தனக்கென்று எழுதிவைத்திருந்த பெரிய நாவலும், நண்பருக்கென்று எழுதிய பெரிய விமர்சன நூலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அவர் மேசையில் இருந்தன. இரண்டையும் முடித்தார். 1998 டிசம்பர் 18 அன்று காலமானார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு வந்தபோது அதை மறுக்க அவர் இல்லை.

வாடிவாசலை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுத்து பத்திரிகையும் புதுக்கவிதை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி ஆகியோரின் கவிதைகள் தொடர்ந்து பதிப்பிக்கப்படுகின்றன. செல்லப்பா தூக்கிப்பிடித்தவர்களில் இன்னும் போதிய வாசகர்கள் கிடைக்காதவர் ராமையாதான். படிக்க விரும்புகிறவர்கள் ‘நட்சத்திரக் குழந்தைகள்’ கதையில் தொடங்கலாம். அது பல சிறுகதைத் தொகைநூல்களில் இருக்கிறது. பிறகு அவருக்குப் பெயர் கொடுத்த ‘மலரும் மணமும்’. அடுத்து ‘மணிக்கொடி காலம்’. இவ்வளவையும் படித்த பிறகு செல்லப்பாவின் நூலைக் கையில் எடுங்கள். முதலிலேயே எடுத்தால் நடை மிரட்டிவிடும். கதைகளைப் படித்துவிட்டு எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் பயன்படும். நூலகத்தில் இல்லை என்றால் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் பதிப்பாளர் மறுபதிப்பு போடுவார்.